காருக்குள் சுத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு ஆண்டுகளாக ஒரே சிறிய காரைச் சென்னையில் ஓட்டிவருகிறேன். வீட்டிலிருந்து கடற்கரை நடக்கும் தொலைவுதான். வண்டி நிற்பது தெருவோர வேப்பமரத்தடியில். உப்புக்காற்று, வேப்பம்பூ, ஐப்பசி மழை, எலி என்று ஒரு காருக்குள் புகக்கூடிய எல்லாமே எங்கள் வண்டிக்குள் ஒருமுறையாவது புகுந்துவிட்டன. உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு, பட்டுத் தெரிந்துகொண்டவற்றை வைத்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

வாரம் தவறாமல் வண்டியைக் கழுவுகிறேன். உள்ளே கொஞ்சம் அழுக்கு இருந்தால் என்ன?

வெளியே படிந்த தூசியை நீங்கள் சுவாசிப்பதில்லை. உள்ளே இருப்பதைத்தான் சுவாசிக்கிறீர்கள். தினமும் தாம்பரத்திலிருந்து அண்ணா சாலைக்கு வேலைக்குப் போய்வரும் ஒருவர், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஏசி போட்டுக்கொண்டு, இரண்டு மணி நேரமாவது அந்தச் சிறிய பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறார். வீட்டில் அவ்வளவு சிறிய இடம் என்றால் அது குளியலறையாகத்தான் இருக்கும். அதற்குள் நான்கு பேர், செருப்பில் ஒட்டி வந்த மண், போன வாரம் குழந்தை சிந்திய பிஸ்கட் தூள், மடக்கிப் போட்ட ஈரக் குடை. அந்தத் தூளும் மண்ணும் காலடியிலேயே அரைபட்டுப் புழுதியாகி, ஏசி காற்று வீசும்போதெல்லாம் எழும்பி மூக்குக்கு வருகின்றன. ஆஸ்துமாவோ தூசி ஒவ்வாமையோ உள்ளவர்கள் இதை முதலில் உணர்ந்துவிடுவார்கள். என் அம்மாவுக்கு வீட்டில் வராத இருமல், காரில் ஏறிய பத்தாவது நிமிடத்தில் வந்துகொண்டிருந்தது. அவருக்குப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்றே இரண்டு ஆண்டுகள் நினைத்திருந்தோம். உண்மைக் காரணம் பிறகுதான் தெரிந்தது. ஏசி பற்றிய கேள்வியில் அதைச் சொல்கிறேன்.

மூச்சைப் போலவே கண்ணும் காலும் இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன. முன்கண்ணாடியின் உள்பக்கம் அழுக்காக இருந்தால் இரவில் சாலை சரியாகத் தெரியாது. ஓட்டுநரின் காலடியில் பொருள் கிடந்தால் பிரேக்கை முழுதாக மிதிக்க முடியாது. ஆகையால் உட்புறச் சுத்தத்தை நான் அழகுக் கணக்கில் எழுதுவதில்லை. டயரில் காற்று பார்ப்பது, பிரேக் எண்ணெய் பார்ப்பது போன்ற வேலைகளோடுதான் அதைச் சேர்த்திருக்கிறேன்.

காலடியில் ஒரு தண்ணீர் பாட்டில் உருள்வது அவ்வளவு ஆபத்தா?

ஆபத்துதான். எனக்கே நேர்ந்தது. செங்கல்பட்டைத் தாண்டித் திண்டிவனம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். முன்னால் சென்ற லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது. பிரேக்கை மிதித்தேன். பாதிவரைதான் இறங்கியது. பின்னிருக்கையில் யாரோ வைத்த ஒரு லிட்டர் பாட்டில், என் இருக்கைக்கு அடியில் உருண்டுவந்து பெடலுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. அதில் கால்வாசித் தண்ணீர்தான் இருந்தது. அதனால் பாட்டில் நசுங்கியது, வண்டியும் நின்றது. நிறைந்த பாட்டிலோ எவர்சில்வர் குடுவையோ நசுங்கியிருக்காது. அன்று முதல் எங்கள் வண்டியில் பாட்டில் என்றால் கதவுப் பையில், இல்லாவிட்டால் டிக்கியில்.

பாட்டிலைப் போலவே கவனிக்க வேண்டியது மேட். கம்பெனி மேட்டின் மேல் ரப்பர் மேட், அதன் மேல் துணி மேட் என்று அடுக்கிப் போடும் பழக்கம் நம்மிடம் உண்டு. மேலே இருப்பது கொக்கியில் மாட்டியிருக்காது. மெல்ல மெல்ல முன்னோக்கி நகர்ந்து ஆக்சிலரேட்டரின் மேல் ஏறிவிடும். 2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் சான் டியேகோ அருகே ஒரு லெக்சஸ் காரில் நடந்தது இதுதான். வேறு மாடல் வண்டிக்கான மேட் அதில் போடப்பட்டிருந்தது. ஆக்சிலரேட்டர் அந்த மேட்டில் சிக்கிக்கொண்டு மீளவில்லை. வண்டியில் இருந்த நான்கு பேரும் இறந்தார்கள். அதைத் தொடர்ந்து டொயோட்டா நிறுவனம் அந்த நாட்டில் மட்டும் சுமார் 38 லட்சம் வண்டிகளை மேட் பிரச்சினைக்காகத் திரும்ப அழைத்தது.

ஓட்டுநர் பக்கம் ஒரே ஒரு மேட், அந்த மாடலுக்கே உரியது, தரையில் உள்ள கொக்கியில் மாட்டியது. இதற்குமேல் எதுவும் வேண்டாம். கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டதும், எஞ்சினை நிறுத்திய நிலையிலேயே மூன்று பெடலையும் கடைசிவரை மிதித்து, தடையில்லாமல் மேலே வருகிறதா என்று பாருங்கள். வெறுங்காலோடு ஓட்டும் பழக்கம் உள்ளவர்கள் கழற்றிய செருப்பைத் தங்கள் இருக்கைக்கு அடியில் தள்ளாமல், பக்கத்து இருக்கையின் காலடியில் வைக்க வேண்டும்.

ஏசி போட்ட முதல் நிமிடத்தில் ஈரத்துணி நாற்றம் வருகிறது. ஏன்?

டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏசியின் குளிர்விக்கும் பகுதி இருக்கிறது. நெருக்கமான அலுமினியத் தகடுகளால் ஆனது. குளிர்ந்த சொம்பின் மேல் நீர் கோத்துக்கொள்வதைப் போல, சென்னைக் காற்றில் உள்ள ஈரமெல்லாம் அந்தத் தகடுகளில் நீராகக் கோத்துக்கொள்ளும். ஓடிய வண்டியை நிறுத்தியதும் கீழே தண்ணீர் சொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீர்தான் அது. வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டால் மிச்ச ஈரம் தகடுகளிலேயே தங்கிவிடுகிறது. இருட்டு, ஈரம், கொஞ்சம் தூசி. பூஞ்சையும் பாக்டீரியாவும் வளர இவ்வளவு போதும். மறுநாள் காலை முதல் காற்று அவற்றின் வாடையைத்தான் உங்கள் முகத்தில் கொண்டுவந்து வீசுகிறது.

தடுப்பதற்குப் பணம் தேவையில்லை. போய்ச்சேர மூன்று நான்கு நிமிடங்கள் இருக்கும்போது ஏசி பொத்தானை மட்டும் அணைத்துவிட்டு, காற்றாடியை ஓடவிடுங்கள். வெளிக்காற்று வரும்படி வைத்தால் இன்னும் நல்லது. தகடுகள் காய்ந்துவிடும். அந்த மூன்று நிமிடப் புழுக்கத்தைப் பொறுத்துக்கொள்ள எங்கள் வீட்டில் எல்லாருமே பழகிவிட்டார்கள்.

நாற்றம் ஏற்கெனவே ஊறிவிட்டது என்றால், குளிர்விப்பான் தகடுகளுக்கென்றே விற்கும் நுரைத் திரவத்தை அடித்துச் சுத்தம் செய்ய வேண்டும். விவரம் தெரிந்த ஏசி மெக்கானிக்கிடம் கொடுப்பதே மேல். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போங்கள். எங்கள் வண்டியில் நாற்றம் வந்தபோது ஒரு பணிமனையில் ஏசி கேஸ் குறைந்துவிட்டது என்று சொல்லி நிரப்பிக் கொடுத்தார்கள். நாற்றம் அப்படியே இருந்தது. கேஸ் குறைந்தால் குளிர் குறையுமே தவிர நாற்றம் வராது. கடைசியில் முன்பயணிக்கு எதிரே உள்ள மூடிப் பெட்டியான கிளவ் பாக்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தபோது, காருக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டர் கறுத்துக் கிடந்தது. அதன் மேல் ஒரு கைப்பிடி மக்கிய வேப்பம்பூ, நடுவில் எலி கடித்த ஓட்டை. அம்மாவின் இருமலுக்குக் காரணம் அதுதான். புது ஃபில்டர் போட்டு, தகடுகளையும் சுத்தம் செய்த பிறகு காரில் அவர் இருமியதில்லை. இரண்டு ஆண்டுகள் அவரை அந்தக் காற்றில் உட்காரவைத்து அழைத்துப் போனதை நினைத்தால் இன்றும் மனம் வலிக்கிறது. இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே பெரும்பாலும் அதற்காகத்தான்.

கேபின் ஃபில்டரை நாமே மாற்றலாமா?

மாற்றலாம். பெரும்பாலான கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரண்டு பக்கச் சுவர்களையும் உள்நோக்கி அழுத்தினால் அது கீழே தொங்கும். பின்னால் ஒரு சிறிய மூடி, அதற்குள் ஃபில்டர். பத்து நிமிட வேலை. பழையதை உருவும்போது அதன் மேல் கிடக்கும் குப்பை உள்ளே சரிந்துவிடாமல் கிடைமட்டமாக இழுக்க வேண்டும். புதியதன் விளிம்பில் அம்புக்குறி இருக்கும். அது காற்று போகும் திசையைக் காட்டுகிறது, தலைகீழாகப் போட்டுவிடாதீர்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது 10,000 முதல் 15,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது பொதுவான கணக்கு. உங்கள் வண்டியின் கையேட்டில் போட்டிருப்பதே முதன்மையானது. ஆனால் மெட்ரோ ரயில் பணிகள் நடக்கும் சாலையில் தினமும் போகிறவர்கள் ஆறு மாதத்தில் ஒருமுறை திறந்தாவது பாருங்கள். காகித ஃபில்டரைத் தண்ணீரில் கழுவிப் போடுவதில் பயனில்லை. அதன் இழைகள் குலைந்துவிடும், ஈரம் வேறு தங்கும். பழைய சிறிய கார்கள் சிலவற்றில் கேபின் ஃபில்டரே பொருத்தப்பட்டிருக்காது. உங்கள் வண்டி அப்படிப்பட்டதா என்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உள்காற்றையே சுழலவிடும் பொத்தானை எப்போதும் போட்டு வைக்கலாமா?

புகை கக்கும் லாரிக்குப் பின்னால், கூவத்தைக் கடக்கும்போது, போடுங்கள். மணிக்கணக்கில் வேண்டாம். நான்கு பேர் விடும் மூச்சு வெளியேற வழியில்லாமல் கார்பன் டை ஆக்சைடு கூடிக்கொண்டே போகும். தலை கனக்கும், ஓட்டுபவருக்குத் தூக்கம் தள்ளும். நீண்ட பயணத்தில் அரைமணிக்கு ஒருமுறையாவது சில நிமிடங்கள் வெளிக்காற்றை விடுங்கள்.

இரவில் எதிரே வரும் வண்டியின் விளக்கு கண்ணாடி முழுவதும் பரவிவிடுகிறது. கண்ணில் கோளாறா?

கண் மருத்துவரிடம் போவதற்கு முன் கண்ணாடியின் உள்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் கோளாறு அங்கே இருக்கிறது. வெயிலில் சூடேறும் டேஷ்போர்டு பிளாஸ்டிக்கிலிருந்து மெல்லிய ஆவி வெளிவந்து முன்கண்ணாடியின் உள்பக்கத்தில் எண்ணெய்ப் படலமாகப் படிகிறது. அதன் மேல் தூசி, நம் மூச்சு, சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அந்தப் புகை. பகலில் இது கண்ணுக்குத் தெரியாது. இரவில் ஒரே ஒரு விளக்கு வந்தால் போதும், கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிடும். சாலையைக் கடக்கும் ஆள் அந்த வெள்ளைக்குப் பின்னால் மறைந்துபோவார்.

இரண்டு மைக்ரோஃபைபர் துணிகள் வேண்டும். முதல் துணியை, தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து நனைத்துப் பிழிந்து துடையுங்கள். இரண்டாவது உலர்ந்த துணியால் உடனே துடைத்துவிடுங்கள். எண்ணெய்ப் படலம் ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை துடைக்க வேண்டியிருக்கும். உள்பக்கத்தை மேலிருந்து கீழாகவும் வெளிப்பக்கத்தை இடமிருந்து வலமாகவும் துடைப்பது என் வழக்கம். கோடு விழுந்தால் எந்தப் பக்கத்தில் விழுந்தது என்று உடனே தெரிந்துவிடும். பின்கண்ணாடியில் பனி நீக்கும் கம்பிக் கோடுகள் இருந்தால், அவற்றின் போக்கிலேயே துடைக்க வேண்டும். குறுக்கே அழுத்தித் தேய்த்தால் கோடு அறுந்துவிடும்.

டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போடலாமா?

நான் போடுவதில்லை. பளபளப்பு வேறு, சுத்தம் வேறு. சிலிகான் பாலிஷ் பூசிய டேஷ்போர்டு பகல் வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்துக் கண்ணைக் கூசவைக்கிறது. பிசுக்கில் தூசியும் கூடுதலாக ஒட்டுகிறது. ஸ்டீயரிங்கிலும் பெடல்களிலும் அதை யாராவது பூசிக் கொடுத்தால் வண்டியை எடுப்பதற்கு முன் சோப்புத் தண்ணீரால் துடைத்துவிடுங்கள், வழுக்கும். டேஷ்போர்டுக்கு ஈரத்துணி போதும். ஏசி துவாரங்களின் இடுக்குக்கு ஓவியத் தூரிகை ஒன்று வைத்திருக்கிறேன். தொடுதிரையில் நேராக எதையும் தெளிக்காமல் உலர்ந்த மென்துணியால் துடையுங்கள். கையில் சானிடைசர் தேய்த்தால் அது காய்ந்த பிறகே ஸ்டீயரிங்கைத் தொடுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் செயற்கைத் தோலின் மேற்பூச்சை மெல்ல அரித்துவிடும்.

பிள்ளையார் சிலை, கண்ணாடியில் தொங்கும் பூச்சரம் இவையெல்லாம் சுத்தக்குறைவா?

எங்கள் வண்டியிலும் பிள்ளையார் இருக்கிறார். அவர் எங்கே இருக்கிறார் என்பதுதான் முக்கியம். 2021 ஏப்ரல் முதல் நம் நாட்டில் வெளிவரும் புதிய மாடல்களில் முன்பயணி பக்கமும் ஏர்பேக் கட்டாயம். வண்டி மோதினால் அது டேஷ்போர்டின் மேல்பகுதியைப் பிளந்துகொண்டு, ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள் விரிந்துவிடும். அதன் மூடியின் மேல் ஒட்டியிருக்கும் உலோகச் சிலை, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தை நோக்கி எறியப்படும். அந்தப் பக்கத்தில் ஏர்பேக் என்று எழுதியிருக்கும் இடத்தில் சிலை, வாசனைப் புட்டி, போன் தாங்கி எதுவும் வேண்டாம். எங்கள் பிள்ளையார் சிறியவர். நடுவில், கியருக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

இதே காரணத்தால், பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கைகளுக்கு மூடிய சீட் கவர் போடக் கூடாது. ஏர்பேக் வெளியே வரும் பக்கம் திறந்திருக்கும்படி தைத்த கவரையே வாங்குங்கள்.

கண்ணாடியில் தொங்கும் சரம் பார்வையை மறைக்கும். வாடிய பூவின் இதழ்கள் ஏசி துவாரத்துக்குள் விழுந்து உள்ளேயே மக்கும். அர்ச்சனைத் தட்டுப் பூவைக் காரில் வைத்தால் மாலைக்குள் எடுத்துவிடுங்கள். திருநீறு, குங்குமப் பொட்டலங்களை ஒரு சிறிய டப்பாவில் போட்டு வைத்தால் கொட்டாது.

சாம்பார் கொட்டிவிட்டது. சோப்பு போட்டுத் தேய்த்தால் சிவப்பாகிவிட்டது. என்ன செய்வது?

பயப்படாதீர்கள். மஞ்சள் செய்யும் வேலை அது. மஞ்சளோடு காரத்தன்மை உள்ள பொருள் சேர்ந்தால் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துக் குங்குமம் செய்கிறோமே, அதே மாற்றம்தான். துணி சோப்பும் ஆப்பச் சோடாவும் காரத்தன்மை உள்ளவை. மஞ்சள் கறையில் அவற்றைப் போடக் கூடாது. சிவந்த இடத்தில் வினிகர் கலந்த தண்ணீரைத் துணியால் ஒற்றினால் பழைய மஞ்சளுக்குத் திரும்பும். பிறகு மென்மையான பாத்திரத் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீரால் எண்ணெயை ஒற்றி எடுத்துவிட்டு, வண்டியை அந்தப் பக்கம் வெயில் படும்படி நிறுத்துங்கள். மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். வேட்டியில் பட்ட குழம்புக் கறைக்கு நம் பாட்டிமார் செய்த வைத்தியம்தான். சீட் துணிக்கும் பலிக்கிறது.

எந்தக் கறையையும் தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். தேய்த்தால் கறை அகலும், ஆழமாக இறங்கும். தண்ணீரையும் குடம் குடமாக ஊற்றக் கூடாது. சீட் துணிக்கு அடியில் கனமான ஃபோம் இருக்கிறது. அது உறிஞ்சிய தண்ணீர் நம் ஊர் ஈரப்பதத்தில் காய நாள் கணக்கில் ஆகும், அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

பாலும் தயிரும் சிந்தினால் தள்ளிப்போடவே கூடாது. அன்று மாலைக்குள் எடுக்காவிட்டால் மாதக்கணக்கில் வாடை போகாது. குளிர்ந்த தண்ணீரால் ஒற்றி ஒற்றி எடுக்க வேண்டும். வெந்நீர் பட்டால் பாலின் புரதம் இறுகித் துணியில் பிடித்துக்கொள்ளும். காய்ந்த பிறகு ஆப்பச் சோடாவை மேலே தூவி இரவு முழுக்க விட்டு, காலையில் வேக்யூம் கிளீனரால் உறிஞ்சிவிடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் என்சைம் கலந்த சுத்திகரிப்புத் திரவம் வாங்கத்தான் வேண்டும்.

தலைசாய்க்கும் இடத்தில் படியும் தேங்காய் எண்ணெய்க்கு, முகப்பவுடரையோ சோள மாவையோ தூவி அரைமணி நேரம் விட்டுத் தட்டிவிட்டால் பெரும்பகுதி வந்துவிடும். அதைவிட எளிது, ஒரு பருத்தித் துண்டைப் போட்டு வாரம் ஒருமுறை துவைப்பது.

மலைப் பயணத்தில் குழந்தைகள் வாந்தி எடுப்பார்கள். கொல்லிமலைக்குப் போகும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், பெரியவர்களுக்கே குமட்டும். பழைய செய்தித்தாள், இரண்டு பிளாஸ்டிக் பை, ஒரு துண்டு, தண்ணீர் எல்லாம் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். கொட்டிவிட்டால் ஓரம் நிறுத்தி, முதலில் வழித்து எடுத்து, பிறகு தாளால் ஒற்றி, கடைசியில் ஈரத்துணி. வாந்தியில் அமிலம் இருப்பதால் இங்கே ஆப்பச் சோடா நன்றாக வேலை செய்யும். குழந்தையைத் திட்டாதீர்கள்.

சீட் பெல்ட்டைத் துவைக்கலாமா?

கழற்றாமல், முழுதாக இழுத்துப் பிடித்து, மென் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். வெளுப்பு மருந்து கூடாது, இழை வலுவிழக்கும். நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள். பூட்டும் துளைக்குள் நாணயமோ மிட்டாய்த் துண்டோ விழுந்து மாட்டவில்லையா என்றும் பாருங்கள். 'டக்' என்ற ஓசை மங்கலாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

வெயிலில் நிற்கும் காரில் எவற்றை வைக்கக் கூடாது?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2018ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கோடை வெயிலில் ஒரு மணி நேரம் நின்ற கார்களின் உள்வெப்பம் சராசரியாகச் சுமார் 47 டிகிரி செல்சியஸ், டேஷ்போர்டு சுமார் 69 டிகிரி என்று அளந்தார்கள். நம் சித்திரை வெயிலை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பிருக்காது. கேஸ் லைட்டர், வாசனை ஸ்பிரே டப்பா, பவர் பேங்க், மருந்து மாத்திரை, சாப்பாட்டுப் பொட்டலம், இவற்றை விட்டுவிட்டு இறங்காதீர்கள். குழந்தையையும் செல்லப் பிராணியையும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. திரும்பி வந்ததும் நான்கு கதவையும் திறந்து சூடான காற்றை வெளியேற்றிவிட்டு ஏறுங்கள்.

எலி வராமல் இருக்க என்ன வழி?

உணவு மணம் இல்லாமல் வைத்திருப்பதே முதல் வழி. ஒரு கைப்பிடி காராபூந்தி சிந்தினாலும் எலிக்கு அது அழைப்பு. வந்தது தின்றுவிட்டுப் போவதில்லை. ஒயரைக் கடிக்கிறது, கேபின் ஃபில்டரில் கூடு கட்டுகிறது, சிறுநீர் கழிக்கிறது. எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். அதனால் காருக்குள் எலிப் புழுக்கையைப் பார்த்தால் உடனே துடைப்பத்தையோ வேக்யூம் கிளீனரையோ எடுக்காதீர்கள், தூசியாகப் பறக்கும். கதவுகளைத் திறந்து காற்றோட்டம் விட்டு, கையுறை அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்து, பிறகு துடைத்து எடுங்கள்.

எஞ்சின் அறையில் புகையிலைக் காம்பு வைப்பதைப் பலர் செய்கிறார்கள். நானும் வைத்துப் பார்த்தேன். பக்கத்திலேயே எலி கடித்த ஒயர் இருந்தது. வண்டியை நாள் கணக்கில் அசைக்காமல் நிறுத்தாமல் இருப்பதும், அருகில் குப்பைத்தொட்டி இல்லாத இடத்தில் நிறுத்துவதும் அதைவிடப் பலன் தந்தன.

மழைக்காலத்தில் காருக்குள் பூஞ்சை வாடை. காலடிக் கம்பளமும் ஈரமாக இருக்கிறது.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடியுங்கள். கண்டுபிடிக்காமல் காயவைத்துக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பதுதான்.

முன்பயணியின் காலடி மட்டும் நனைந்திருந்தால் ஏசியின் வடிகுழாய் அடைத்திருக்கலாம். ஏசி ஓடிய பிறகும் வண்டிக்குக் கீழே தண்ணீர் சொட்டவில்லை என்றால் அதுவேதான். மழை பெய்த பிறகு மட்டும் நனைகிறது என்றால், முன்கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பம்பூவும் தூங்குமூஞ்சி இலையும் வடிகால் துளைகளை அடைத்திருக்கும். மேற்கூரைக் கண்ணாடி உள்ள வண்டிகளில் அதன் மூலைகளில் வடிகுழாய்கள் உண்டு; அவை அடைத்தால் கூரை விளக்கிலிருந்து சொட்டும். கதவோர ரப்பர் கிழிந்திருந்தாலும் நீர் வரும்.

ஈரம் வரும் வழியைச் சரிசெய்த பிறகு, கம்பளத்தைத் தூக்கி அடியில் உள்ள ஃபோமைக் காயவையுங்கள். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அடியில் பஞ்சு சொதசொதவென்று இருக்கும். வெயில் வரும் ஒரு மணி நேரம் கிடைத்தாலும் நான்கு கதவையும் டிக்கியையும் திறந்துவையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் ஈரக் குடைக்கும் மழைக்கோட்டுக்கும் ஒரு பிளாஸ்டிக் கூடை வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

கடற்கரை மணலும் ஈரத்தின் உறவுதான். எலியட்ஸ் கடற்கரையிலிருந்து காலில் வரும் மணலில் உப்பு இருக்கிறது. உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இருக்கை நகரும் இரும்புத் தண்டவாளத்தைத் துருப்பிடிக்க வைக்கும். ஏறும் முன்பே காலை நன்றாகத் தட்டிவிடுங்கள். உள்ளே விழுந்ததை ஈரப்படுத்தாமல் உலர்ந்த தூரிகையால் எடுங்கள்.

வெள்ளத்தில் நின்ற காரைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாமா?

2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ கார்கள் மூழ்கின. நீர் இருக்கை மட்டத்துக்கு ஏறியிருந்தால் இது வீட்டுச் சுத்தத்தில் அடங்காத வேலை. எஞ்சினை இயக்கிப் பார்க்கவே கூடாது. சாக்கடை கலந்த வெள்ளநீர் ஃபோமிலும் ஒயர் இணைப்புகளிலும் இறங்கியிருக்கும். ஏர்பேக்கை இயக்கும் மின்னணுப் பெட்டி பெரும்பாலும் நடுவில், தரையோடு இருக்கும். காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்து, இழுவை வண்டியில் பணிமனைக்கு அனுப்புங்கள்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கு ஒன்று. மேலே எவ்வளவு பளபளத்தாலும் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியில் சுருளுக்குள் இருந்த பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். டிக்கியில் உதிரி டயர் வைக்கும் பள்ளத்தையும் இருக்கைக்கு அடியில் உள்ள திருகாணிகளின் துருவையும் பாருங்கள். உள்ளே தூக்கலான வாசனைத் திரவியம் அடித்திருந்தால், எதை மறைக்க என்று யோசியுங்கள்.

வாசனைக்கு எதை வைக்கலாம்?

சுத்தமான காருக்கு வாசனை தேவைப்படாது என்பது என் கருத்து. வேண்டுமென்றால் வெட்டிவேரை ஒரு மெல்லிய துணிப்பையில் கட்டி இருக்கைக்கு அடியில் வையுங்கள். நாப்தலின் உருண்டை வேண்டவே வேண்டாம். மூடிய காரில் அதன் ஆவி தலைவலி தரும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு ரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கக்கூடியது. திரவ வாசனைப் புட்டி கவிழ்ந்தால் டேஷ்போர்டு பிளாஸ்டிக் வெந்ததுபோல ஆகிவிடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை?

குப்பையைத் தினமும் இறங்கும்போதே எடுத்துக்கொண்டு இறங்குங்கள். வாரம் ஒருமுறை மேட்டை உதறி, கண்ணாடியின் உள்பக்கத்தைத் துடையுங்கள்; இருபது நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறை இருக்கைகளை முன்னும் பின்னும் தள்ளி வேக்யூம் கிளீனர் போடுங்கள். கார் சாக்கெட்டில் செருகும் சிறிய கருவிகளுக்கு இழுவிசை போதாது. வீட்டுக் கருவியில் குறுகிய முனை மாட்டிப் பயன்படுத்துவது மேல்.

கழுவுமிடத்தில் கொடுத்தால் அவர்களே உள்ளேயும் சுத்தம் செய்துவிடுவார்களே?

செய்வார்கள். விடும்போதே மூன்று விஷயங்களைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்ளே குழாய்த் தண்ணீர் பாய்ச்சக் கூடாது. பெடல்களிலும் ஸ்டீயரிங்கிலும் பாலிஷ் கூடாது. இருக்கைக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்போடு ஓடும் ஒயர்களைத் தொடக் கூடாது. அவை ஏர்பேக்குக்கும் சீட் பெல்ட்டுக்கும் போகிறவை. அந்தத் தம்பிகள் நாள் முழுவதும் ஈரத்தில் நின்று உழைப்பவர்கள். பொறுமையாகச் சொன்னால் அக்கறையாகச் செய்து தருகிறார்கள். வண்டியைத் திரும்ப வாங்கும்போது மேட்டைத் தூக்கி, கம்பளத்தை உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். கை நனைந்தால் கண்ணாடிகளை இறக்கிவிட்டு வீட்டுக்கு ஓட்டிவந்து, நான்கு கதவையும் திறந்து வெயிலில் நிறுத்துங்கள்.